கோச்சி சத்தம் பழகிடுமா?

போன வருசம் கெம்பஸ் கூட்டாளி ஒருத்தன் எங்கள் வீட்டில் வந்து தங்கினான். கொழும்புப் பையன். ரயிலில் வந்து இறங்கின நேரத்திலிருந்து ஒரே புகழ்ச்சி. மலை, பாலம், மூடுபனி, அந்த 'டடக் டடக்' சத்தம், எல்லாத்தையும் போனில் பிடித்து வைத்திருந்தான். அன்றைக்கு ராத்திரி எங்கள் காம்பிராவுக்குப் பின்னால் மெயில் இறங்கிப் போனது. ஆள் எழும்பி உட்கார்ந்துவிட்டான். "மச்சான், என்னடா இது?" என்றான். இருட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல்தான் பதில் சொன்னது: "கோச்சிதான் தம்பி. ரெண்டு நாள் போனா பழகிடும்."

அந்தப் பதிலை நான் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன். ஆனால் அன்றைக்குத்தான் ஒரு விசயம் உறைத்தது. பழகிவிடும் என்று சொல்கிற அம்மா அந்த நேரத்தில் எப்படி முழித்திருந்தார்? மறுநாள் கேட்டேன். "நான் எப்பவும் முழிச்சிருவேன். எறங்குற மெயில் போச்சுன்னா இன்னும் கொஞ்சம் படுக்கலாம். ஏறுற மெயில் போச்சுன்னா இனி படுத்துப் பிரயோசனமில்ல." கல்யாணமாகி இந்த லயத்துக்கு வந்த நாளிலிருந்து, முப்பது வருசமாக, இதுதான் அம்மாவின் மணிக்கூடு. விடியக்காலம் எழும்பி, ரொட்டி சுட்டு வைத்து, பிரட்டுக்கு ஓடி, நாள் முழுக்கக் கொழுந்து பறிக்கிற மனுசி.

தூக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சிகளும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கின்றன. சத்தத்துக்குப் பக்கத்தில் பல வருசம் வாழ்கிறவர்கள் முழித்ததையே காலையில் மறந்துவிடுவார்கள். ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் இதயத்துடிப்பு ஏறி இறங்குவது முழுசாக நிற்பதில்லை. மனசு பழகிக்கொள்கிறது, உடம்பு அவ்வளவாகப் பழகுவதில்லை. ஆக, பழகிடுமா என்று கேட்பதை விட்டுவிட்டு, அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது, அதில் எவ்வளவு குறைக்கக்கூடியது என்று கேட்கலாம். நான் படித்துப் பார்த்த வரைக்கும், நாம் கேட்கிற சத்தத்தில் பெரும்பகுதி ரயில் என்றால் வந்தே தீரும் சத்தம் கிடையாது. சக்கரமும் தண்டவாளமும் பராமரிப்பு கேட்கிற சத்தம் அது.

எங்கள் பாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து பதுளை வரை சுமார் 290 கிலோமீட்டர். 1874இல் நாவலப்பிட்டி, 1884இல் ஹட்டன், 1885இல் நானுஓயா, கடைசியாக 1924இல் பதுளை. கோப்பியை இறக்கத் தொடங்கி, தேயிலைப் பெட்டிகளை இறக்கி வளர்ந்த பாதை. மலையில் இதை 44க்கு 1 என்ற ஏற்றத்தில் போட்டார்கள். அதாவது 44 அடி போனால் ஓர் அடி ஏறும். வளைவுகள் சில இடத்தில் 100 மீட்டர் ஆரை வரைக்கும் இறுக்கமானவை. இத்தனைக்கும் இது சின்ன மலை ரயில் இல்லை. சமவெளியில் ஓடுகிற அதே அகலப் பாதை, 5 அடி 6 அங்குலம். பாதைக்குப் பக்கத்தில் ஸ்டோர் வந்தது, லயம் வந்தது. ஆள் தூங்குவதற்கு லயத்தை எவ்வளவு தூரம் தள்ளிக் கட்ட வேண்டும் என்று அந்தக் காலத்துத் துரைமார் யோசித்திருந்தால் பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பிராவையே கட்டியிருக்க மாட்டார்கள்.

எங்கள் லயம் வட்டகொடைக்கும் நானுஓயாவுக்கும் இடையில் இருக்கிறது. கொழும்பிலிருந்து வருகிற வண்டி எங்களைத் தாண்டும்போது ஏறுகிறது. பதுளையிலிருந்து வருகிறது இறங்குகிறது. ரெண்டும் ரெண்டு விதமான சத்தம். இந்த வித்தியாசத்தை எனக்குச் சொல்லித் தந்தவர் மேல் லயத்தில் இருந்த ஒரு மாமா. ரயில் ரோட்டில் கேங் வேலை பார்த்து ஓய்வெடுத்தவர். வண்டி வருவதற்குள் வாசலில் வந்து நின்றுவிடுவார். பார்க்க மாட்டார், தலையைக் குனிந்து கேட்பார். "ஏறும்போது எஞ்சின் பேசும்டா. எறங்கும்போதுதான் ரோட்டு பேசும்" என்பார்.

அவர் சொன்னதைப் பின்னாளில் புத்தகத்திலும் பார்த்தேன். ஏற்றத்தில் எஞ்சின் முழுப் பலத்தில் இழுக்கும், மற்ற எல்லாச் சத்தத்தையும் அது மூடிவிடும். அந்தச் சத்தத்துக்கு சக்கரத்தையோ தண்டவாளத்தையோ சரிசெய்து பிரயோசனமில்லை, அது வேறு வேலை. இறக்கத்தில் எஞ்சின் அடங்கிவிடும். அப்போது கேட்பதுதான் இந்தக் கட்டுரையின் விசயம்: சக்கரம் உருளும் சத்தம், மூட்டுகளில் அடிக்கும் சத்தம், வளைவில் கீச்சிடும் சத்தம், பிரேக் சத்தம்.

உருளும் சத்தம் எப்படி வருகிறது? இரும்புச் சக்கரமும் இரும்புத் தண்டவாளமும் ஒன்றையொன்று தொடுகிற இடம் நம்ம பத்து ரூபாய்க் குத்தியைவிடப் பெரிதில்லை. அந்தச் சின்ன இடத்தில் ரெண்டு பக்கமும் முழுசாக வழவழப்பாக இருந்தால் சத்தம் குறைவு. தண்டவாளத்தின் தலையிலோ சக்கரத்தின் வட்டத்திலோ ஒரு தலைமயிரின் தடிப்பைவிடக் குறைவான மேடுபள்ளம் இருந்தாலும் போதும், ரெண்டும் அதிர ஆரம்பிக்கும். சக்கரம் மணி மாதிரி, தண்டவாளம் நீளமான ஒரு கம்பி மாதிரி. சொரசொரப்புக் கூடக்கூட சத்தம் கூடும், வேகம் கூடினாலும் கூடும். மலையில் வண்டி மெதுவாகத்தான் போகிறது, ஆகவே சமவெளியில் கேட்கிற அந்த ஒரே சீரான இரைச்சல் நமக்குக் குறைவு. ஆனால் அதன் சொந்தக்காரர்கள் எல்லாரும் இங்கேதான் குடியிருக்கிறார்கள்.

முதல் சொந்தக்காரன் மூட்டு. ரெண்டு தண்டவாளம் சேருகிற இடத்தில் ரெண்டு பக்கமும் பிஷ் பிளேட் வைத்து போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். வெயிலில் இரும்பு நீளும் என்பதால் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கும். ஒழுங்காக இருக்கிற மூட்டில் சக்கரம் தாண்டும்போது ஒரு 'டக்' மட்டும்தான். போல்ட் தளர்ந்து, அடியில் இருக்கிற சிலிப்பர் இறங்கிவிட்டால் ஒவ்வொரு சக்கரமும் பள்ளத்தில் விழுந்து எழும்பும். விழ விழ கல் நொறுங்கும், தண்டவாள முனை நசுங்கும், பள்ளம் இன்னும் ஆழமாகும். அதற்கு மேல் மழை. கல்லுக்குள் மண் ஏறி அடைத்துக்கொண்டால் தண்ணீர் இறங்காது, வண்டி தாண்டும்போது சிலிப்பருக்கு அடியிலிருந்து சேற்றுத் தண்ணி பீச்சியடிக்கும். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கான் வெட்டாத மலை என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ரயில் பாதையும் அப்படித்தான். கானை ஒழுங்காக வெட்டி, கல்லை மாற்றி, அலவாங்கு போட்டுத் தூக்கி, சிலிப்பருக்கு அடியில் கல்லை இறுக்கி, போல்டை முறுக்கினால் அந்த மூட்டின் சத்தம் குறையும். பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. ஆனால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அதுதான் கஸ்டம்.

ரெண்டாவது, தட்டையான சக்கரம். ஈரமான பாதையில் பிரேக் பிடிக்கும்போது சில நேரம் சக்கரம் சுற்றாமல் அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். அந்தச் சில நொடியில் தண்டவாளத்தைத் தொட்ட இடம் தேய்ந்து தட்டையாகிவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அடி, சம்மட்டியால் அடிப்பது மாதிரி. மூடுபனியும் தூறலும் உள்ள மலையில், வருசத்தில் பாதி நாள் ஈரமாக இருக்கிற தண்டவாளத்தில், இது நடக்கிறதில் ஆச்சரியமில்லை. தட்டையான சக்கரத்தைக் கழற்றிக் கொண்டுபோய் கடைசல் இயந்திரத்தில் மறுபடி வட்டமாகச் செதுக்க வேண்டும். செதுக்கும்வரை அது போகிற வழியெல்லாம் தண்டவாளத்தையும் அடித்துக்கொண்டேதான் போகும்.

மூட்டையும் தட்டைச் சக்கரத்தையும் காதாலேயே பிரிக்கலாம், இது அந்த மாமாவின் பாடம். ஒரே இடத்திலிருந்து, எந்தப் பெட்டி வந்தாலும் 'டடக்' என்று வந்தால் அது ரோட்டின் குறை. சத்தம் ஒரு பெட்டியோடு சேர்ந்து வந்து, நம்மளைத் தாண்டி, அந்தப் பெட்டியோடவே தூரமாகப் போனால் அது சக்கரத்தின் குறை. இதை வாசிக்கிற நீங்கள் கோச்சி ரோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் இன்றைக்கே பரீட்சித்துப் பாருங்கள். ஒருமுறை பிரித்துக் கேட்டுவிட்டால் அப்புறம் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. (எச்சரிக்கை: தூக்கம் இன்னும் கொஞ்சம் கெடும்.)

மூன்றாவதுதான் மலைக்கே உரிய சத்தம், வளைவுக் கீச்சு. என் கூட்டாளியை எழுப்பியது அதுதான். பஸ் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலாகச் சுற்றும், உள்பக்கச் சக்கரம் குறைவாகச் சுற்றும். ரயிலில் அப்படி முடியாது. ரெண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுகிக் கிடக்கின்றன, சேர்ந்துதான் சுற்ற வேண்டும். ஆனால் 100 மீட்டர் ஆரையுள்ள ஒரு வளைவில் கால் வட்டம் திரும்பினால், வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட ரெண்டரை மீட்டருக்கு மேல் நீளம். அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கத்தான் சக்கரத்தைக் கொஞ்சம் கூம்பு மாதிரிச் சரிவாகச் செய்வார்கள். லேசான வளைவுகளில் அது போதும். நம்ம வளைவுகளில் போதாது. அதைவிட முக்கியம், பெட்டிக்கு அடியில் அச்சுகள் ஒன்றுக்கொன்று நேராகப் பூட்டியிருக்கின்றன. வளைவில் எல்லா அச்சும் பாதையின் திசையைப் பார்க்க முடியாது. ஆகவே சக்கரம் உருளுவதோடு பக்கவாட்டிலும் வழுக்கும். பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும், ஒரு நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல். வயலினில் வில் இழுக்கிற அதே வேலைதான், இங்கே நரம்புக்குப் பதிலாக சில நூறு கிலோ இரும்பு.

மழை கொட்டுகிற ராத்திரிகளில் அந்தக் கீச்சு கேட்காது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஈரம் உராய்வை மாற்றிவிடுகிறது. அந்த வேலையைத்தான் உலகத்தில் பல ரயில்வேக்கள் செயற்கையாகச் செய்கின்றன. வளைவில் வெளித் தண்டவாளத்தின் உள் விளிம்பில், சக்கரத்தின் ஓரம் உரசுகிற பக்கத்தில், கொஞ்சம் கிரீஸ். தலைப்பகுதிக்கு என்று உராய்வை அளவாக வைத்திருக்கிற தனிப் பூச்சு இருக்கிறது. கிரீஸைத் தப்பித்தவறி தலைப்பகுதியில் பூசினால் 44க்கு 1 ஏற்றத்தில் எஞ்சின் நின்ற இடத்தில் சுற்றும், இறக்கத்தில் பிரேக் பிடிக்காது. ஆகவே இது யாரோ ஒருவர் வாளியும் தூரிகையுமாகப் போய்ச் செய்கிற காரியம் இல்லை. பயிற்சியும் கண்காணிப்பும் வேண்டும். செலவு என்று பார்த்தால், விளிம்பும் தண்டவாளமும் தேய்வது குறைவதிலேயே கொஞ்சம் திரும்பி வந்துவிடும்.

இங்கே ஒரு கேள்வி வரும். தண்டவாளத்தை எல்லாம் நீளமாகப் பற்றவைத்துவிட்டால் மூட்டே இருக்காதே? போருக்குப் பிறகு திரும்பப் போட்ட யாழ்ப்பாணப் பாதையில், 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மறுபடி போன பாதையில், நான் ஒருமுறை போயிருக்கிறேன். புதுத் தண்டவாளம், கொங்கிரீட் சிலிப்பர். பக்கத்தில் இருந்தவரோடு சாதாரணக் குரலில் பேசிக்கொண்டு போனோம். இறங்கின பிறகுதான் அது எனக்குப் புதுசு என்று விளங்கியது. ஆனால் அந்தப் பாதை நேர்ப்பாதை. மலையின் இறுக்கமான வளைவில் நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம் வெயிலில் நீளப் பார்த்தால், அதற்குப் போக ஒரே வழி வெளிப்பக்கம் நெளிவதுதான். நெளிந்த பாதையில் வண்டி ஏறினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே கடும் வளைவுகளில் மூட்டு இருந்தே ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். வடக்குக்குக் கிடைத்த மாதிரி ஒரே தடவையில் எல்லாத்தையும் புதுசாகப் போட்டு முடிக்கிற விடை மலைக்குக் கிடையாது. இங்கே உள்ள விடை தினசரி வேலைதான்.

வெளிநாடுகள் இதைச் செய்தது இரக்கத்தினால் மட்டுமில்லை, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வீடு வைத்திருந்தவர்கள் வருசக்கணக்கில் கத்தினார்கள். ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் முதலில் பாதையோரத்தில் நீளநீளமாகச் சத்தத் தடுப்புச் சுவர் கட்டினார்கள். பெரும் செலவு, அதுவும் சுவருக்குப் பின்னால் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் பலன். சரக்கு வண்டிகளின் வார்ப்பிரும்பு பிரேக் கட்டைதான் சக்கரத்தைச் சுரண்டிச் சுரண்டிச் சொரசொரப்பாக்குகிறது என்பது தெளிவாக, கட்டையையே மாற்றினார்கள். கலப்புப் பொருளால் செய்த கட்டை சக்கரத்தை வழவழப்பாகவே வைத்திருக்கும். சத்தம் 10 டெசிபல் வரை குறையும், காதுக்கு அது ஏறக்குறைய பாதியாகக் கேட்கும். சுவிற்சர்லாந்து 2020 தொடக்கத்திலிருந்தும், ஜேர்மனி அதே வருச டிசம்பரிலிருந்தும் பழைய சத்தமான சரக்குப் பெட்டிகளுக்குத் தடை போட்டன. தண்டவாளத்தின் தலையையும் அரைத்து வழவழப்பாக்குகிற தனி வண்டிகள் ஓடுகின்றன.

அப்படியே நாமும் கட்டையை மாற்றுவோம் என்று நான் சொல்லவில்லை. பட்டிப்பொலவிலிருந்து பதுளைக்கு 1,200 மீட்டருக்கு மேல் இறங்குகிற பாதை இது. இவ்வளவு நீளமான இறக்கத்தில், ஈரத்தில், எந்தக் கட்டை எவ்வளவு சூடாகும், எப்படிப் பிடிக்கும் என்று பரீட்சித்துவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். பிரேக் விசயத்தில் நான் தூக்கத்தைவிட உயிரின் பக்கம். அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வரிசை ஒழுங்கைத்தான்: ஆட்களை நகர்த்தாமல், சுவரைக் கட்டாமல், முதலில் இரும்பைச் சரி செய்வது.

இதைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கிடைத்த பதில்களையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் பதில், எங்கள் லயத்திலேயே: "கூர ஒழுகுது, கக்கூசு இல்ல, சம்பளம் பத்தல. நீ சத்தத்தப் பத்திப் பேசுற." நியாயம்தான். ஆனால் இது அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிற ஆடம்பரம் இல்லை. தகரக் கூரையும் ஒற்றைச் சுவரும் ஒரே காம்பிராவில் ஆறு பேரும் இருக்கிறதனால்தான் சத்தம் முழுசாக உள்ளே வருகிறது. ரெண்டு அறை தள்ளிப் போய்ப் படுக்க நமக்கு இடமில்லை. தனிக் காணியில் தனி வீடு என்று இடம் பார்க்கிறார்களே, அந்த இடம் கோச்சி ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று யாராவது நாடா பிடித்து அளக்கிறார்களா? லயத்தை விட்டு வெளியேறி, அதே தண்டவாளத்துக்குப் பக்கத்தில் புதுக் கூரைக்கு அடியில் முழித்துக் கிடப்பதற்கா இத்தனை வருசம் போராடினோம்?

ரெண்டாவது பதில் படித்தவர்களிடமிருந்து: "ஒரு நாளைக்கு ஓடுறதே சில வண்டிதானே." உண்மை. உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக 2018இல் எழுதிய வழிகாட்டலில் ரயில் சத்தம் இரவில் 44 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. நம்ம நாட்டில் 1996இல் வந்த சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளும் பிரதேச சபைப் பகுதிகளுக்கு இரவில் 45 என்று ஓர் எண்ணை வைத்திருக்கின்றன. ஆனால் இவை சராசரிக் கணக்கு. ராத்திரி முழுக்க அமைதியாக இருந்து, ரெண்டே ரெண்டு தடவை காது கிழிகிற மாதிரிக் கத்தினால் சராசரி அழகாகத்தான் வரும். அம்மாவுக்கு சராசரியில் தூக்கம் கெடுவதில்லை. அந்த ரெண்டு தடவையில்தான் கெடுகிறது. மலைப்பாதைக்கு அளவு எடுப்பதாக இருந்தால் ஒவ்வொரு வண்டியின் உச்சச் சத்தத்தையும், அது எத்தனை பேரின் தலைமாட்டில் நடக்கிறது என்பதையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

மூன்றாவது பதில்தான் என்னை உண்மையாகவே யோசிக்க வைத்தது. அதைச் சொன்னது என் தங்கச்சி. "அண்ணா, நாங்க ஸ்கூலுக்கு ரோட்டு வழியாத்தான நடக்கிறோம். சத்தம் இல்லாம வந்தா எப்படித் தெரியும்?" தோட்டப் பக்கம் வாழ்கிற யாருக்கும் தெரியும், கோச்சி ரோட்டுதான் நம்ம நடைபாதை. பாடசாலைக்கு, டவுனுக்கு, பக்கத்துத் தோட்டத்துச் சாவு வீட்டுக்கு, எல்லாத்துக்கும் சிலிப்பர் மேலேதான் நடக்கிறோம். வண்டி வருவதை முதலில் காதுதான் சொல்லும்.

ரெண்டு வாரம் இதை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினேன். இப்போதும் எனக்கு முழுத் திருப்தியான பதில் இல்லை, ஆனால் இவ்வளவு சொல்லலாம். அந்தச் சத்தத்தை நம்பக் கூடாது. ஏறுகிற வண்டி ஒரு மைல் தூரத்திலேயே கேட்கும். இறங்குகிற வண்டி, மலை மறைக்கிற வளைவில், காற்று எதிர்ப்பக்கம் வீசுகிற நாளில், கிட்ட வந்த பிறகுதான் கேட்கும். கீச்சு கேட்காத மழை நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவளுக்கு அது எந்த எச்சரிக்கையும் தரப்போவதில்லை. பழுதான மூட்டை ஒரு மணியாக வைத்துக்கொண்டு பிள்ளைகளை அனுப்புவதைவிட, வளைவுக்கு முன்னால் ஹோன் அடிப்பதும், ரோட்டோரமாக மூன்று அடி அகலத்தில் ஒரு நடைபாதை வெட்டுவதும்தான் கேட்க வேண்டியது. சத்தத்தைக் குறைக்கக் கேட்கிறவர்கள் இதையும் சேர்த்தே கேட்க வேண்டும். தனியாக முதலாவதை மட்டும் கேட்டால் என் தங்கச்சி என்னோடு சண்டைக்கு வருவாள், அதில் நியாயமும் இருக்கும்.

சத்தமே வேண்டாம் என்று கேட்கிற நிலைமையிலும் நாம் இல்லை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்கு ஒரு சின்ன ரயில் ஓடியது. 1940களில் அதை மூடிவிட்டார்கள். அந்தப் பக்கம் இன்றைக்கு முழு அமைதி. அந்த அமைதி யாருக்கு வேண்டும்? கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போகிற எங்கள் ஆட்களுக்கு பஸ்ஸைவிட ரயில்தான் கட்டும். ஓடட்டும், ஒழுங்காக ஓடட்டும்.

ஒழுங்காக என்பதில்தான் விசயம் இருக்கிறது. மேலே சொன்ன ஒவ்வொரு சத்தமும் ஒரு தேய்மானத்தின் சத்தம். இறங்கிப்போன மூட்டு ராத்திரி என்னை எழுப்புகிறது, அதே மூட்டு இன்னும் கொஞ்சம் இறங்கினால் வண்டியைத் தடம்புரட்டும். தட்டைச் சக்கரம் தண்டவாளத்தை வெடிக்க வைக்கக்கூடியது. வளைவில் விளிம்பு தேய்ந்த தண்டவாளத்தில் சக்கரம் ஏறிவிடும் அபாயம் கூடும். மலைப்பாதையில் தடம்புரண்டது என்ற செய்தி நமக்குப் புதிதில்லை, வந்தால் ரெண்டு நாள் பேசுவோம். அந்தச் செய்திக்கு முன்னால் பாதை வாரக்கணக்கில் ஒவ்வொரு ராத்திரியும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும். கேட்டுக்கொண்டு படுத்திருந்தது லயத்து ஆட்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை, பழகிடும் என்று திரும்பிப் படுத்தார்கள்.

முன்பு பாதையை நடந்து பார்க்கிற ஆட்கள் சுத்தியலால் தட்டிக் கேட்டார்கள், ஸ்டேசனில் நின்ற வண்டியின் சக்கரத்தைத் தட்டிக் கேட்டார்கள். வெடிப்பு விழுந்த இரும்பு வேறு மாதிரிச் சத்தம் போடும். காதுதான் கருவி. அந்த வேலையில் ஒரு சின்னப் பங்கை நாம் எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. போனில் டெசிபல் காட்டுகிற எப் இருக்கிறது, அதன் எண்களை நம்பி வழக்குப் போட முடியாது. ஆனால் எந்த மைல் கட்டைக்குப் பக்கத்தில், எந்த வண்டி, ஏறினதா இறங்கினதா, மழையா வெயிலா, டடக்கா கீச்சா, சத்தம் நின்ற இடத்தில் நின்றதா பெட்டியோடு போனதா, இதை எழுத எப் தேவையில்லை. ஒரு கொப்பியும் பேனையும் போதும். ஒரு மாதம் எழுதினால் எந்த மூட்டு, எந்த வளைவு என்று தானாக மேலே வரும். அதை முறைப்பாடாக எழுதாமல் பாதையைப் பற்றின தகவலாக, தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுத்தால், பாதையில் வேலை செய்கிறவர்களுக்கும் அது உதவும். லயங்களுக்குப் பின்னால் இருக்கிற மூட்டுகளை முதலில் இறுக்குங்கள் என்று கேட்பதற்கும் நம் கையில் ஒரு ஆதாரம் இருக்கும். ரொசல்லயிலிருந்து அப்புத்தளை வரைக்கும் இதை வாசிக்கிறவர்கள் எத்தனை பேர் கோச்சி ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள்? பத்துக் கொப்பி சேர்ந்தால் ஒரு பாதைப் படமே வரைந்துவிடலாம்.

நான் ஆரம்பித்துப் பதினோரு நாளாகிறது. அம்மாவுக்கு இது முதலில் சிரிப்பாக இருந்தது. நேற்று நான் தூங்கிவிட்டேன். காலையில் கொப்பியைத் திறந்தால் அம்மாவின் கையெழுத்து: "எறங்குற மெயில். மழ இல்ல. வளவுல கீச்சு. கடசிக்கு முந்தின பெட்டி, அடி சத்தம், கூடவே போச்சு."